சிறுகடைக்கு இணையதளம் அமைக்கும் முறை: ஒரு கடலூர் முந்திரிக் கடையை முன்வைத்து

இணையதளம் வேண்டும் என்று முடிவு செய்யும் வணிகர் பெரும்பாலும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி, தளத்துக்கு வருபவர் அங்கே எந்த வேலையை முடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது. புதுச்சேரியில் தங்கும் விடுதி நடத்துபவருக்கு அது அறைப்பதிவு. வில்லியனூரில் சுடுமண் பொம்மை செய்பவருக்கு மொத்தக் கொள்முதல் விசாரணை. பண்ருட்டி முந்திரியைக் கடலூரில் விற்பவருக்கு வெளியூர் ஆர்டர். இங்கே மூன்றாமவரை எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை டொமைன், அதாவது தளத்தின் முகவரி. தொலைபேசியில் ஒருமுறை சொன்னாலே எதிர்முனையில் இருப்பவர் பிழையின்றித் தட்டச்சு செய்யக்கூடிய பெயராக அது இருக்கட்டும். பெயரைவிட முக்கியமானது, அந்தப் பதிவு கடை உரிமையாளரின் பெயரிலும், அவர் அன்றாடம் பார்க்கும் மின்னஞ்சலிலும், அவர் கையிலுள்ள செல்பேசி எண்ணிலும் இருப்பது. தளம் செய்து தருபவர் தம் கணக்கிலேயே பதிவு செய்துவிட்டுப் பிறகு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால், பெட்டியிலும் விசிட்டிங் கார்டிலும் நீங்கள் அச்சிட்ட முகவரி உங்கள் பிடியில் இருக்காது. புதுப்பிக்கும் தேதி வந்தால் நினைவூட்டல்கூட உங்களுக்கு வராது. டாட் காம் முகவரியாக இருந்தால், மின்னஞ்சலை உறுதிப்படுத்தக் கோரி வரும் கடிதத்துக்கு 15 நாட்களுக்குள் பதில் தராதபோது தளம் முடக்கப்படவும் கூடும்.

அடுத்தது ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை வைக்க சர்வரில் (எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினியில்) வாடகைக்கு எடுக்கும் இடம். அதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சிறிய கடைக்கு, பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கே போதும். தளத்துக்கும் வருபவருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காதபடி மறைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழும், தினசரிக் காப்புநகலும் அந்தக் கட்டணத்திலேயே அடங்குகின்றனவா என்று மட்டும் கேளுங்கள். எஸ்எஸ்எல் இல்லாத தளங்களைக் குரோம் உலாவி 2018 முதல் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. அதைப் பார்த்த பிறகு யாரும் பணம் கட்டமாட்டார்கள்.

நாட்களை விழுங்குவது எழுத்து வேலை. வடிவமைப்பாளர் அதைச் செய்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது வீண், ஏனெனில் சரக்கைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள்தான். 'உயர்தர முந்திரி' என்று எல்லாக் கடையும் எழுதுகிறது. அதனால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. மாறாக, முந்திரியின் தரக் குறியீட்டில் டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 220 முதல் 240 முழுப்பருப்பு, டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320 வரை, எண் கூடக் கூடப் பருப்பு சிறியது என்று எழுதி, பாயசத்துக்கு உடைசலே போதும் என்றும் சேர்த்தால், வாங்குபவர் தமக்குத் தேவையானதைத் தாமே தேர்ந்தெடுப்பார். விலை குறைந்த சரக்கை நீங்களே பரிந்துரைப்பதால் நட்டமில்லை. கடையின் சொல் நம்பத்தக்கது என்பது அங்கேதான் புலப்படுகிறது. நேரில் வருபவர்களுக்காக, கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், துறைமுகச் சந்திப்பு என இரண்டு ரயில் நிலையங்கள் இருப்பதால், எதில் இறங்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

தமிழ்ப் பக்கம் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சகத்தில் நோட்டீசுக்காகப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வாசகத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்; அதைப் படமாக்கிப் போட்டாலோ, தேடுபொறி அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே கொடுங்கள்.

படங்களைச் சன்னல் வெளிச்சத்தில் செல்பேசியிலேயே எடுக்கலாம், ஆனால் சில எம்பி அளவுள்ள படத்தைச் சில நூறு கேபிக்குச் சுருக்காமல் ஏற்றக்கூடாது. பேருந்தில், மந்தமான இணைப்பில் பார்ப்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

தளத்திலேயே பணம் பெற நினைத்தால், வாங்குபவரின் பணத்தை இணையம் வழியே பெற்று உங்கள் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் ஒப்புதல் தருமுன் தொடர்பு விவரம், பணம் திருப்பித் தரும் விதி, தனியுரிமை ஆகிய பக்கங்களைப் பார்க்கும். இவற்றை முன்னதாகவே எழுதி வையுங்கள். உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) எண்ணும் இடம்பெற வேண்டும். மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. சிறுகடையில் அந்த அலுவலர் உரிமையாளராகவே இருப்பார்; ஆகவே அழைத்தால் உண்மையில் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணையே கொடுங்கள். தொடக்கத்தில் ஆர்டர் குறைவுதான் என்றால், வாட்ஸ்அப் பொத்தானும் யுபிஐயும் போதும் என்பது என் கருத்து.

விலையையும் அறிவிப்பையும் செல்பேசியிலிருந்தே மாற்றும் வசதியைக் கட்டாயமாகக் கேளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலைப் போல ஒன்று வந்தால், கடையில் நாட்கணக்கில் மின்சாரம் இருக்காது; வெளியூர் சர்வரில் உள்ள தளமோ ஆர்டர் வாங்கிக்கொண்டே இருக்கும். 'இந்த வாரம் பார்சல் அனுப்ப இயலாது' என்று சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து ஒரு வரி போட முடிய வேண்டும். டொமைன், ஹோஸ்டிங், தள நிர்வாகம் மூன்றுக்குமான கடவுச்சொற்களைப் பெற்று, அவற்றைக் கொண்டு நீங்களே உள்நுழைந்து ஒரு விலையை மாற்றிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.