ஸ்டாலை வேகமானியில் தேடாதீர்கள்

பயிற்சி விமானிகளின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பல ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. எங்கள் தலைமுறை செய்தவையேதான். ஃபிளாப்பை மறப்பது, ரேடியோ அலைவரிசையைத் தவறாக வைப்பது போன்றவற்றை செக்லிஸ்ட் பார்த்துக்கொள்ளும். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் பேசப்போவது ஸ்டாலைப் பற்றி, அதாவது இறக்கையின் ஏற்றுவிசை சரிந்துபோவதைப் பற்றி. மாணவர்கள் கேட்பது இதுதான்:

"வேகம் இருக்கிறதே, எப்படி ஸ்டால் ஆகும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. விமானம் எப்போது ஸ்டால் ஆகும் என்று கேளுங்கள். மாணவர் சட்டென்று "48 நாட்" (மணிக்கு 48 கடல் மைல்) என்பார். எந்த எடையில், எவ்வளவு சாய்வில் என்று கேட்டால் விழிப்பார். கையேட்டில் அச்சிட்டிருக்கும் எண், குறிப்பிட்ட எடையில் சாயாமல் நேராகப் பறக்கும்போது மட்டுமே பொருந்தும். இறக்கையைப் பொறுத்தவரை, எதிர்வரும் காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறோம் என்பது ஒன்றே கணக்கு. சிறிய பயிற்சி விமானங்களில் இந்தத் தாக்குகோணம் ஏறத்தாழ 15, 16 டிகிரியைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொள்கிறது, ஏற்றுவிசை சரிகிறது. மூக்கு தரையைப் பார்த்திருந்தாலும் இது நடக்கும்.

உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால், இறக்கை எடையைப்போல் இரு மடங்கு சுமக்க வேண்டும். ஸ்டால் வேகம் அந்தச் சுமையின் வர்க்கமூல அளவுக்கு உயரும். அந்த 48 இப்போது 68. வெறும் 45 டிகிரியிலேயே 57.

இது உயிரைப் பறிக்கும் இடம், தரையிறங்குமுன் வரும் கடைசித் திருப்பம். பின்காற்று தள்ளியதால் விமானம் ஓடுபாதையின் மையக்கோட்டைத் தாண்டிவிடுகிறது. தரை அருகில் இருப்பதால் மேலும் சாய்க்கப் பயந்து, மாணவர் உள்பக்க ரடரை (வால் சுக்கானைத் திருப்பும் மிதியை) மிதித்து மூக்கை ஓடுபாதைப் பக்கம் இழுக்கிறார். வெளி இறக்கை வேகமெடுத்து எழும்புவதால் சாய்வு கூடுகிறது. அதைத் தடுக்க ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுத் தண்டை) எதிர்ப்பக்கம் சாய்க்கிறார். மூக்கு தாழ்கிறது, ஸ்டிக்கைப் பின்னாலும் இழுக்கிறார். உள் இறக்கை ஏற்கெனவே மெதுவாகப் போகிறது, அதன் எய்லரானும் (இறக்கை நுனியருகே உள்ள அசையும் தகடு) கீழே இறங்கித் தாக்குகோணத்தைக் கூட்டியிருக்கிறது. முதலில் ஸ்டால் ஆவது அதுதான். விமானம் அந்தப் பக்கமே புரண்டு, சுழன்றபடி இறங்கும் ஸ்பின்னில் விழுகிறது. 500 அடியில் அதை மீட்க உயரம் கிடையாது.

ஒருவர் என் அருகிலேயே இதைத் தொடங்கினார். பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் கருவியில், பந்து குழாயின் வெளிமுனையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் ஓடுபாதையை விட்டு நகரவில்லை. கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு, தரையிறங்காமல் மறுசுற்றுக்கு ஏறினேன். கீழே இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "70 நாட் இருந்ததே, சார்!" மறுநாள் ஸ்பின் அனுமதி பெற்ற விமானத்தில் 5,000 அடிக்குப் போய், அதே திருப்பத்தை அதே கையோடும் காலோடும் செய்யச் சொன்னேன். இடது இறக்கை சொல்லாமல் கொள்ளாமல் கவிழ்ந்தது. அதன்பிறகு அவர் என்னிடம் 70 பற்றிப் பேசியதில்லை.

மையக்கோட்டைத் தாண்டிவிட்டால் மறுசுற்று போங்கள். எரிபொருள் கொஞ்சம் போகும், போகட்டும்.

அனுபவசாலிகளுக்கும் இதில் சலுகை இல்லை. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 சுமார் 38,000 அடியில் ஸ்டால் ஆனது. வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்ததில் குழப்பம் தொடங்கியது. அதன்பின் மூக்கை இறக்காமல் ஸ்டிக்கைப் பெரும்பாலும் பின்னால் இழுத்தே பிடித்திருந்தார்கள். 228 பேர் இறந்தார்கள்.

மாணவர்களிடம் காணும் வேறு சில தவறுகளும் தவறான நம்பிக்கைகளும், அவற்றுக்கு என் பதில்களும்:

ஸ்டாலில் தாழும் இறக்கையை எய்லரானால் தூக்குவது

பல விமானங்களில் அது இன்னும் தாழும். முதலில் ஸ்டிக்கை முன்னால் தள்ளுங்கள்.

மேலும் கீழும் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர்கிறது என்பது

சேர்வதில்லை. மேலே போனது முந்திவிடும்.

சீராக ஏறும்போது ஏற்றுவிசை எடையைவிட அதிகம் என்பது

சற்றுக் குறைவு. ஏற்றிவிடுவது மிகுதியான உந்துவிசை.

தரை விளைவில் எழுந்ததும் ஏறத் தொடங்குவது

தரையிலிருந்து இறக்கை வீச்சளவு உயரத்துக்குள் தூண்டு இழுவை (ஏற்றுவிசையோடு கூடவே வரும் தடை) குறைகிறது. இதுதான் தரை விளைவு. இதனால், விமானம் பறக்கத் தயாராகும் முன்பே தரையை விட்டுவிடும். அப்போதே மூக்கைத் தூக்கினால் இழுவை திரும்ப வந்து, ஓடுபாதையிலேயே மறுபடி உட்காரும், அல்லது அதற்கப்பால். வேகம் சேரும்வரை தாழ்வாகவே ஓட்டுங்கள். வெயில் கொளுத்தும் நாளில், உயரமான விமானத் தளத்தில் இதற்குக் கூடுதல் நீளம் தேவைப்படும். வேகமானி காட்டும் எண் வழக்கம்போலத்தான் இருக்கும். காற்று மெலிந்திருப்பதால், அந்த எண்ணை எட்டுவதற்குள் சக்கரங்கள்தான் வழக்கத்தைவிட வேகமாக ஓடியிருக்கும்.