புரோட்டானில் ஃபோட்டானை மோதவிட்டு மீசான் எடுப்பது எப்படி?

நாகமலைப் புதுக்கோட்டையில் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு வீட்டு மாடியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். ஒளித்துகளான ஃபோட்டானைப் புரோட்டானில் மோதவிட்டு, மீசான் என்ற நிலையற்ற துகளை உண்டாக்கும் இந்தப் பாடத்தில் எல்லோரும் இடறுவது ஒரே இடத்தில்தான். மீசான்களிலேயே லேசானது பையான். நிறையையும் ஆற்றலையும் இங்கே ஒரே அலகில் சொல்வோம்: எம்.இ.வி., அதாவது மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து வரும் மாணவியும் அந்த இடத்தில்தான் இடறிக் கேட்டாள்: “நடுநிலைப் பையானோட நிறை 135 எம்.இ.வி. தானே சார்? ஃபோட்டானுக்கு 135 இருந்தாப் போதாதா?”

போதாதும்மா. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் வேகமாக வந்து காயில் பட்டால் எல்லாமே அசையாமல் நின்றுவிடுமா? ஃபோட்டான் கொண்டுவந்த உந்தம் மோதலுக்குப் பிறகும் இருந்தே ஆக வேண்டும். புரோட்டானும் புதுப் பையானும் சேர்ந்து முன்னோக்கி நகரும். அந்த நகர்வுக்கும் ஆற்றல் வேண்டும்.

கணக்கு இதுதான். 135ஐ 135ஆல் பெருக்குங்கள்: 18,225. புரோட்டான் நிறையின் இரு மடங்கான 1,876.5ஆல் வகுங்கள்: 9.7. அதை 135உடன் கூட்டினால் 144.7 எம்.இ.வி. இதற்குக் கீழே எத்தனை கோடி ஃபோட்டான் விட்டாலும் பையான் பிறக்காது. ஈட்டா மீசானுக்கு (நிறை 548) இதே வழியில் போட்டுப் பாருங்கள், 708 வரும். கனம் ஏற ஏற அந்த உபரி எப்படி எகிறுகிறது பாருங்கள்! நேர்மின் பையானுக்கு மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். அங்கே புரோட்டான் நியூட்ரானாக மாறுவதால் அந்தச் சிறு நிறை வித்தியாசமும் சேர்ந்து 151.4 ஆகும்.

இலக்குக்குத் திரவ ஹைட்ரஜன், அதாவது சுமார் மைனஸ் 253 டிகிரி. அதன் அணுக்கரு வெறும் புரோட்டான் என்பதால்தான் இந்தப் பாடு.

அடுத்தது ஃபோட்டான். எலக்ட்ரான் கற்றையை மெல்லிய தகட்டில் விட்டால் சில எலக்ட்ரான்கள் வேகம் குறைந்து ஃபோட்டானை உமிழும். ஃபோட்டானை நேரே அளக்காமல், மிச்ச எலக்ட்ரானைக் காந்தத்தால் வளைத்து அளக்க வேண்டும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இப்படித்தான் செய்கிறார்கள். 855 எம்.இ.வி. எலக்ட்ரான் 515ஆக வெளியே வந்தால் ஃபோட்டான் 340. அந்த 340ஐக் குறித்துக்கொள்ளுங்கள்: புரோட்டான் டெல்டா என்ற கிளர்நிலைக்குத் தாவி, பையான்கள் கொட்டும் இடம் அதை ஒட்டித்தான். எலக்ட்ரானும் மோதலும் ஒரே நேரத்தில் பதிவானதா என்பதையும் நானோ நொடிக் கணக்கில் சரிபாருங்கள்.

அப்புறம், பிறந்த நடுநிலைப் பையானை யாரும் பார்க்க முடியாது. கண்ணிமைப்பதற்குள் என்பதெல்லாம் இங்கே ரொம்ப நீண்ட நேரம். அது உடனே இரண்டு ஃபோட்டான்களாக உடைந்துவிடும். 1950இல் பெர்க்லியில் ஸ்டைன்பெர்கர், பனோஃப்ஸ்கி, ஸ்டெல்லர் மூவரும் இந்த ஜோடியைப் பிடித்துத்தான் நடுநிலைப் பையானைக் காட்டினார்கள். இரண்டு ஃபோட்டான்களின் ஆற்றல்களையும் பெருக்கி, அதை இரட்டித்து, 1இலிருந்து இடைக்கோணத்தின் கொசைனைக் கழித்து வருவதால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள்; பையானின் நிறை கிடைக்கும். மாணவிக்கு நான் கொடுத்தது: இரண்டும் 95.5 எம்.இ.வி., கோணம் 90 டிகிரி. நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “135 சார்!”