மலையில் குடும்பத்தோடு கூடாரம்: கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, ஊட்டி பார்த்து, முதுமலையில் யானை பார்த்து, இரவு டென்ட்டில் தங்கி, மறுநாள் ஒரு மலையேற்றமும் முடித்து, ஞாயிறு இரவுக்குள் வீடு. இப்படித் திட்டம் போட்டு வரும் குடும்பங்களை நீலகிரியிலும் ஆனைமலையிலும் வாராவாரம் பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் முதலில் போனதும் இதே மாதிரிதான். பத்து வருடமாகப் போய் வந்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று: காட்டில் குடும்பங்கள் மாட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் விலங்குகள் காரணமில்லை, நம் அவசரம்தான் காரணம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி அந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

சாலையிலிருந்தே தொடங்குவோம். மேட்டுப்பாளையத்தைத் தாண்டினால் கூகுள் காட்டும் நேரத்தை நம்ப முடியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவிலேயே பின் சீட்டில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிடும், வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். முதுமலையைத் தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போகும் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டிகள் போக முடியாது. அதைச் செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு, சிக்னல் இல்லாத போனில் எடுக்க முயல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதிலெல்லாம் கரையும் நேரம், கடைசியில் இருட்டில் டென்ட் கட்டுவதில் போய் முடியும். இருட்டில் கட்டினால், எந்த மரத்தின் காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்குகிறது, எந்தப் புற்று காலடியில் இருக்கிறது என்று ஒன்றும் தெரியாது. மதியம் மூன்று மணிக்குள் இடத்தைச் சேர்ந்துவிடும்படி கிளம்புங்கள். இரண்டு இரவு, ஒரே இடம், ஒரே ஒரு நடை. குழந்தைகளுக்கு அதுவே போதும்.

எங்கே தங்குகிறோம் என்பதுதான் இருப்பதிலேயே பெரிய விஷயம், அதில்தான் மிகக் குறைவாக விசாரிக்கிறோம். காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், குரங்கணியை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்வெளியில் தீ எவ்வளவு வேகமாக மேலே ஏறும் என்பது சமவெளியில் வளர்ந்த நமக்குப் புரியாது. சரிவில் மேல்நோக்கிப் போகும் தீ, தனக்கு முன்னால் இருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே போவதால் வேகம் கூடிக்கொண்டே இருக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தமிழக வனத்துறை மலையேற்றத் தடங்களை மூடிவைப்பது அதனால்தான். அந்த மாதங்களில் ‘நமக்குத் தெரிந்த ஆள் கூட்டிப்போவார்’ என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

முறையாகப் போக இப்போது வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 தடங்கள் இருக்கின்றன. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருவார்கள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் எளிய தடத்தைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

தனியார் எஸ்டேட்களில் டென்ட் போட்டுத் தரும் இடங்களைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். அதே மாதம் மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசியதில் அந்த யானை காயம்பட்டு இறந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: யானை நடக்கும் வழியில் நாம் படுக்கை விரித்திருக்கிறோம். சீகூர் யானை வழித்தடத்தில் உள்ள விடுதிகளை மூட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். அதனால் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா? சுற்றி அகழியோ மின்வேலியோ உண்டா? போன மாதம் என்னென்ன விலங்குகள் வந்தன? இரவில் யார் முழித்திருப்பார்கள்? கழிவறை டென்ட்டிலிருந்து எத்தனை அடி? கடைசிக் கேள்விதான் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு முக்கியம். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஆறு வயதுப் பிள்ளை ‘அம்மா, ஒண்ணுக்கு’ என்று எழுப்பும்போது, இருட்டில் ஐம்பது அடி நடக்க வேண்டிய இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ‘இங்கே எதுவும் வராது சார்’ என்று பதில் வந்தாலும் வேறு இடம் பாருங்கள். காட்டோரத்தில் எதுவும் வராத இடம் கிடையாது.

ஓடைக்கரையில் டென்ட் போடுவதை எல்லோரும் விரும்புகிறார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் தூங்குவது சுகம்தான். ஆனால் மேலே எங்கோ பெய்யும் மழை, நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே ஓடையில் வெள்ளமாக இறங்கிவிடும். அப்புறம், இரவில் அதே தண்ணீருக்குத்தான் காட்டெருமையும் யானையும் வரும். கரையிலிருந்து நன்றாக விலகி, சற்று மேடான, விலங்குத் தடம் இல்லாத இடம் வேண்டும். பலாவோ கொய்யாவோ பழுத்திருக்கும் மரத்தடியும் வேண்டாம்.

சாப்பாட்டில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். ஒருமுறை வாழைப்பழச் சீப்பு ஒன்றைப் பையில் போட்டு டென்ட்டின் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டோம். விடியற்காலையில் துணிக்கு வெளியே மூச்சு விடும் சத்தம். காட்டுப்பன்றி. முகரை துணியை அழுத்திய இடத்துக்கும் என் மகள் தலைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. பழத்தை இழுத்துக் கிழித்துக்கொண்டு அது போய்விட்டது, வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட டென்ட்டுக்குள் போவதில்லை. உப்பு, வெல்லம், அரிசி, பழம் இவற்றின் வாசம் யானைக்கு வெகு தூரம் எட்டும். கரடிக்கும் அப்படியே, கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கரடி நடமாட்டம் சாதாரணம். உணவு முழுவதும் சுவர் வைத்த சமையற்கட்டில் இருக்கட்டும். பிள்ளைகளின் சட்டைப் பையில் மிச்சமிருக்கும் கடலை மிட்டாயையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

குரங்குக்குத் தின்னக் கொடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் கனத்துப்போகும். மரத்தின் உச்சியை விட்டு இறங்காமல் வாழ வேண்டிய உயிர் அது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அது சிப்ஸுக்குப் பழகி ரோட்டுக்கு வந்து, வண்டியில் அடிபட்டுச் சாகிறது. ‘பாவம், பசிக்குமே’ என்று பிள்ளை கேட்கும்போது இதை அப்படியே சொல்லுங்கள். குழந்தைகளுக்கு நம்மைவிடச் சீக்கிரம் புரிகிறது.

யானையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருளர், குறும்பர், காடர், மலசர் மக்களில் யாராவது வழிகாட்டியாக வந்தால், அவர் நடக்கும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பத்தடிக்கு ஒருமுறை நிற்பார். ஒடிந்த கிளையில் பால் காய்ந்திருக்கிறதா, சாணம் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பார். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கவனிப்பார். யானைக்குக் கண்பார்வை சுமார்தான், மோப்பம்தான் எல்லாம். செண்ட் அடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொண்டு நடக்கும் கூட்டம் யானையைக் கவனிப்பதே இல்லை. வழிகாட்டி கையை உயர்த்தினால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். இதை வீட்டிலேயே ஒரு விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு வாரம் பழகினோம்.

காதுகளை மெதுவாக ஆட்டிக்கொண்டு மேய்கிற யானை நிம்மதியாக இருக்கிறது. காதை விரித்து விறைப்பாக நிறுத்தி, தலையைத் தூக்கி நம்மையே பார்த்தால், ‘போ’ என்று சொல்கிறது. அப்போதும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் பலர் செய்யும் தவறு. யானையால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வர முடியும். புதரும் பள்ளமும் உள்ள இடத்தில் உங்களாலோ உங்கள் பிள்ளையாலோ அந்த வேகத்தில் ஓட முடியாது. ஆகவே அது பொறுமையாக இருக்கும்போதே, வந்த வழியே, சத்தமில்லாமல் விலகிவிட வேண்டும். குட்டி தெரிந்தால் இன்னும் சீக்கிரம். தாய் எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரியாது. வண்டியில் இருந்தால் ஹாரன் வேண்டாம், யாரும் இறங்க வேண்டாம். பின்னால் எடுக்க இடம் விட்டு, தள்ளியே நிறுத்துங்கள்.

நடைக்கு வருவோம். பெரியவர்களுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று மலையேறுபவர்கள் கணக்கு வைப்பார்கள். குழந்தைகளோடு போனால் அதை இரண்டால் பெருக்குங்கள். பூச்சி பார்க்கவும், கல் பொறுக்கவும், காரணமில்லாமல் அழவும் நேரம் வேண்டும். திரும்பும் நேரத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்றால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. மேற்கே மலை மறைத்திருக்கும் பள்ளத்தாக்கில் இருட்டும் சீக்கிரம் வரும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிரும். கோயம்புத்தூரை விட ஊட்டி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அப்படியானால் 12 டிகிரி வித்தியாசம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே உறைபனி விழும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி ஸ்வெட்டர், குல்லா, மழைக்கோட்டு, ஆளுக்கு இரண்டு ஜோடி கூடுதல் சாக்ஸ் போதும். குளிருக்குப் பயந்து கரி அடுப்பை மட்டும் டென்ட்டுக்குள்ளோ பூட்டிய அறைக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலில் அப்படி இறந்திருக்கிறார்கள்.

அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பிய்த்து இழுக்காமல், நகத்தால் அது கவ்விய இடத்தோரமாகத் தள்ளினால் விட்டுவிடும். பாம்புக்கு, டென்ட் ஜிப்பை எப்போதும் மூடி வைப்பதும், காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுவதும்தான் பாதுகாப்பு. கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும் பாம்பு. வலிகூடப் பெரிதாகத் தெரியாது. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம், அசையாமல் படுக்கவைத்து உடனே மருத்துவமனைதான். மிக அருகில் உள்ள அரசு மருத்துவமனை எது, சிக்னல் எந்த வளைவில் கிடைக்கும் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணிதான் கவனிக்காமல் விடப்படுவது. புல்லில் நடந்து வந்த அன்று மாலையே பிள்ளைகளின் காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். அதைவிடச் சிறிய, கண்ணுக்கே தெரியாத பூச்சிகளால் வருவது ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல். ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தொடங்கும். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருக்கலாம். சரியான மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் எளிதில் குணமாகும், தாமதமானால் ஆபத்து. அதனால் மூன்று வாரத்துக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, ‘நாங்கள் காட்டுக்குப் போய்விட்டு வந்தோம்’ என்பதைத்தான்.