பாயிரம், பதிகம், அணிந்துரை: குழப்பிக்கொள்ளாதீர்கள்

தர்மபுரிப் பக்கம் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் தகடூர்ப் (தர்மபுரியின் பழைய பெயர்) போருக்கு வந்ததும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். சேர மன்னர்களைப் பத்துப் பத்துப் பாட்டாகப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகத்தில் வரும் ‘தகடூர் எறிந்து நொச்சி தந்து’ என்ற அடியை எடுத்துப் போட்டு, அரிசில் கிழார் பாடியது என்று எழுதிவிடுகிறார்கள். அவர் பாடியது அந்தப் பத்துப் பாட்டுகளைத்தான். பதிகம் பின்னால் வேறொருவர் சேர்த்தது. பாடியவர் யார், பாடப்பட்ட சேரன் யார், அவன் செய்ததென்ன என்று சொல்லும் அறிமுகம் அது. ஒன்பது நூறாயிரம் காணத்தோடு (பொற்காசு) அரசுகட்டிலையும் (அரியணை) பெருஞ்சேரல் இரும்பொறை கொடுக்க, நீயே ஆள்க என்று சொல்லிவிட்டுப் புலவர் அமைச்சர் பொறுப்பை ஏற்ற செய்தியும் இதில்தான் இருக்கிறது. ஆகவே மேற்கோள் காட்டும்போது ‘எட்டாம் பத்துப் பதிகம்’ என்றே போடுங்கள்.

பதிகம் என்றதும் தேவாரத்தில் வரும் பாட்டுத் தொகுதி நினைவுக்கு வருவதால்தான் இந்தக் குழப்பம். ஆனால் இலக்கண நூலான நன்னூலின் முதல் சூத்திரத்தைப் பாருங்கள்: முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று பாயிரத்துக்கு, அதாவது நூலின் முன்னுரைக்கு, ஏழு பெயர்களை அடுக்குகிறது. பதிகமும் அதில் ஒன்று.

அடுத்தது, நூலாசிரியரே தன்னைப் புகழ்ந்து அணிந்துரை எழுதி, கீழே நண்பர் பெயரைப் போட்டுவிடுவது. இது வேண்டவே வேண்டாம். நூல் எழுதியவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர், இவர்கள்தான் சிறப்புப்பாயிரம் (குறிப்பிட்ட ஒரு நூலுக்கான பாயிரம்) சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்கிறது நன்னூல். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரும் தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பார்கள். தன்னைத்தானே புகழ்வது தகாது என்று சொல்லும் நன்னூல், அரசவைக்கு ஓலை எழுதும்போதும், எதிராளி பழிக்கும்போதும் மட்டும் புலவனுக்கு விலக்குத் தருகிறது (இன்னும் இரண்டு இடங்கள் உண்டு), அதில் புத்தக வெளியீடு இல்லை!

சரி, அணிந்துரையில் என்ன எழுதுவது? வெறும் பாராட்டு மட்டும் போதாது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டைக் கேட்கிறது இலக்கணம். இன்றைய புத்தகத்துக்கு யாப்பை விட்டாலும், யாருக்கான நூல், எதை ஆதாரமாகக் கொண்டது, படித்தால் என்ன கிடைக்கும் என்ற மூன்றையாவது சொல்லுங்கள். நன்னூலைச் செய்வித்தவன் சீயகங்கன் என்று இன்று நாம் சொல்வதே அதன் சிறப்புப்பாயிரத்தை வைத்துத்தான்.

அப்புறம், ‘அணிந்துறை’ என்று அச்சாகிவிடாமல் மெய்ப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், இடையின ர தான்.