மிளகு, கமலாத் தோல், காப்பிக்கொட்டை: தேனில் ஊறவைக்கும் முறை

தேனில் எதை ஊறப்போட்டாலும் முதலில் இறங்குவது அதன் வாசம் இல்லை, ஈரம். தேனில் தண்ணீர் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டினால் அதிலேயே தூங்கிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். நுரை கட்டும், கள் வாடை அடிக்கும், இறுக்கி மூடிய பாட்டில் வெடிக்கவும் கூடும்.

அதனால் தேனை முதலில் எடை போட்டுப் பாருங்கள். அரை லிட்டர் தேன் 700 கிராமாவது நிற்க வேண்டும். குறைந்தால் அது தண்ணித் தேன். அப்படியே சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள், ஊறவைக்க ஆகாது. மலைத்தேனும் அடுக்குத் தேனும் பல சமயம் இப்படித்தான் இருக்கும். அதற்காக அடுப்பில் வைத்துச் சுண்டவைக்க வேண்டாம், மணம் போய்விடும்.

சேர்மானங்களை ஏற்காட்டில் வாங்கலாம். காயவைப்பதைச் சேலத்து மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பனிமூட்டத்தில் நாலு நாள் கிடந்தாலும் கமலாத் தோல் துவண்டுதான் இருக்கும். கீழே நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் ஒடித்தால் சட்டென்று முறியும். அந்தக் காய்ச்சல் வந்தால்தான் ஜாடிக்குள் போகலாம். காயப்போடும் முன் உள்பக்க வெள்ளைச் சதையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், கசப்பு அதில்தான். மிளகை வெறும் சட்டியில் லேசாகச் சூடேற்றி, ஆறியபின் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். பொடித்தால் தேன் கலங்கும், வடிகட்டவும் வராது. காப்பியும் அப்படித்தான்: நடுத்தரமாக வறுத்த முழுக் கொட்டை, சிக்கரி கலக்காதது.

அரை கிலோ தேனுக்கு மிளகு 10 கிராம், அல்லது காய்ந்த தோல் 5 கிராம், அல்லது காப்பிக்கொட்டை 25 கிராம். கிராம்பு என்றால் நாலே நாலு. மூன்றையும் ஒரே ஜாடியில் கொட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். தனித்தனியாக ஊறவைத்து வடித்தபின் கலப்பதே சரி, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு வேறு. கிராம்பு மூன்று நாளில் எடுக்க வேண்டும். விட்டால் பல்வலி மருந்து போல ஆகிவிடும். தோலுக்குப் பத்து நாள், காப்பிக்கு இரண்டு வாரம். மிளகு நிதானமானது, ஒரு மாதம் கேட்கும். ஒரு வாரம் போனதும் இரண்டு நாளுக்கு ஒருமுறை காய்ந்த கரண்டியால் ருசி பாருங்கள்.

கண்ணாடி ஜாடி, பிளாஸ்டிக் மூடி. தேனின் புளிப்பு தகர மூடியை அரிக்கும். போட்டதெல்லாம் மேலே மிதக்கும், மிதப்பதில்தான் பூசணம் பிடிக்கும். ஆகவே தினம் ஒருமுறை ஜாடியைக் கவிழ்த்து வையுங்கள். வடிகட்ட, ஜாடியைக் கை பொறுக்கும் வெந்நீரில் அரைமணி நேரம் வைத்தால் தேன் இளகி மல் துணியில் இறங்கும்.

நெல்லிக்காய்க்கு மட்டும் கணக்கு வேறு. அது முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, கொட்டை நீக்கி, சுளைகளை இரண்டு நாள் வெயிலில் வாட்டித் தேனில் போட்டாலும் ஒரு வாரத்தில் தேன் நீர்த்துவிடும். அந்தத் தேனை வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் செலவழியுங்கள். சுளைகளின் மேல் கெட்டியான புதுத் தேன் ஊற்றுங்கள். இந்த இரண்டாம் ஊற்றைத் தவிர்ப்பதால்தான் வீட்டுத் தேன்நெல்லி பெரும்பாலும் நுரைக்கிறது. பச்சை இஞ்சி, பூண்டு ஊறவைப்பதை நாங்கள் சொல்லமாட்டோம்; ஈரத்தோடு நஞ்சுக் கிருமிக்கும் அது இடம் கொடுக்கும். சுக்கு இருக்கிறதே. எந்தத் தேனானாலும் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

மார்கழிக் குளிரில் ஏற்காட்டு வீடுகளில் ஜாடி அடியில் தேன் சர்க்கரையாக உறைந்தால் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். அதே இளவெந்நீரில் வைத்தால் கரைந்துவிடும்.