ஜெர்சிக்குப் புதிதாக வருபவர்களுக்கு: பெயர்ப்பலகையைப் பார்த்துப் பணம் போடாதீர்கள்

இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள ஜெர்சித் தீவில் சம்பளக் கணக்கு திறப்பது பெரிய காரியமில்லை. பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், தீவு அரசு தரும் பதிவு அட்டை, முகவரிச் சான்று போதும். மின்கட்டண ரசீது உங்கள் பெயரில் வரும்வரை, வேலை கொடுத்தவர் முகவரியைக் குறிப்பிட்டுத் தரும் கடிதம் செல்லுமா என்று கேளுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான ‘இன்டர்நேஷனல்’ கணக்கைக் காட்டினால் மறுத்துவிட்டு, தீவுவாசிகளுக்கான சாதாரணக் கணக்கைக் கேளுங்கள். எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்ற படிவத்தை மட்டும் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். வந்த வருடம் ஊரிலும் வரிச் சட்டப்படி நீங்கள் அங்கே வசிப்பவராகவே கருதப்பட்டால் இரண்டு நாடுகளையும், இரண்டு வரி எண்களையும் எழுத வேண்டும். 2017 முதல் கணக்கு விவரங்கள் நாட்டுக்கு நாடு தானாகவே போகின்றன. இந்தியாவும் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். தலைநகர் செயின்ட் ஹீலியரில் நடந்தால் லண்டனில் பார்க்கும் அதே பலகைகள்: எச்.எஸ்.பி.சி., பார்க்லேஸ், லாயிட்ஸ், நாட்வெஸ்ட். கையில் இருப்பதும் பவுண்டு. ஆகவே வங்கி விழுந்தால் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் பிரிட்டனின் வைப்புப் பாதுகாப்பு இங்கேயும் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். கிடையாது. ஜெர்சி பிரிட்டனின் ஒரு பகுதி அல்ல. பிரிட்டனில் 2025 டிசம்பர் முதல் ஒருவருக்கு 1,20,000 பவுண்டுவரை காப்பு உண்டு. ஜெர்சி தன் சொந்தத் திட்டத்தை 2009-இல் கொண்டுவந்தபோது வைத்த வரம்பு 50,000 பவுண்டு. இன்றைய வரம்பை, பணம் போடுவதற்கு முன் வங்கி தரும் தகவல் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வரம்பு ஒரு கணக்குக்கு அல்ல, ஒருவருக்கு ஒரு வங்கிக் குழுமத்துக்கு. ஆர்.பி.எஸ். இன்டர்நேஷனலில் கொஞ்சம், நாட்வெஸ்ட் இன்டர்நேஷனலில் கொஞ்சம் என்று பிரித்தால் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்படும். கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் ஆளுக்கு ஒரு வரம்பு உண்டு. ஆனால் அதே குழுமத்தில் தனிக்கணக்கும் இருந்தால் அதையும் அந்த வரம்புக்குள்தான் சேர்ப்பார்கள். உங்கள் கம்பெனியின் பெயரில் உள்ள பணத்துக்குக் காப்பு இல்லை. இன்னொன்று: வங்கி விழுந்த பிறகுதான் மற்ற வங்கிகளிடம் வசூலித்துக் கொடுப்பார்கள். அந்த வசூலுக்கும் ஐந்தாண்டுக்கு 10 கோடி பவுண்டு என்று திட்டம் வந்தபோதே உச்சவரம்பு வைத்தார்கள். பெரிய வங்கி ஒன்று கவிழ்ந்தால் இது எந்த மூலைக்கு?

வீண் பயம் என்பவர்கள் 2008 அக்டோபரை நினைத்துப் பார்க்கட்டும். ஐஸ்லாந்தின் லேண்ட்ஸ்பாங்கி கவிழ்ந்தபோது, அதன் ஐஸ்சேவ் கணக்கில் பணம் போட்டிருந்த பிரிட்டன்வாசிகளின் முழுத் தொகைக்கும் பிரிட்டன் அரசு பொறுப்பேற்றது. பக்கத்துத் தீவான கேர்ன்சியில் அதே குழுமத்தின் வங்கியில் போட்டவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அன்று கேர்ன்சியில் காப்புத் திட்டமே கிடையாது. அடுத்த மாதம்தான் வந்தது.

“தீவில் வைப்புத்தொகை உயர்ந்தது” என்ற செய்தியைக் காட்டித் தைரியம் சொல்வார்கள். அந்த எண் உங்கள் வங்கியின் உறுதியைப் பற்றி எதுவும் சொல்லாது. இங்குள்ள வைப்பில் பெரும்பகுதி நிறுவனங்கள், டிரஸ்ட்டுகள், வெளிநாட்டுச் செல்வந்தர்களின் பணம். அதில் கணிசமானது டாலரிலும் யூரோவிலும் இருக்கிறது. கணக்கைப் பவுண்டில் சொல்வதால் நாணய மதிப்பும் அதில் கலந்துவிடுகிறது. 10 கோடி டாலர், பவுண்டுக்கு 1.25 டாலர் என்றிருக்கும்போது 8 கோடி பவுண்டு. 1.35 ஆனால் சுமார் 7.4 கோடி. ஒருவரும் ஒரு சென்ட் எடுக்காமலே 7 சதவீதம் ‘சரிவு’! பவுண்டு இறங்கினால் இதே பணம் ‘வளர்ச்சி’ ஆகிவிடும். அதனால் பவுண்டு வைப்பையும் அந்நிய நாணய வைப்பையும் தனித்தனியே பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்போதும் உங்கள் தீவு வங்கிக்குச் சொந்தக்காரரான தலைமை வங்கி எப்படி இருக்கிறது என்பதே முக்கியம், ஏனென்றால் இங்கே திரட்டும் பணத்தின் பெரும்பகுதியைத் தீவு வங்கிகள் தலைமைக்கே அனுப்புகின்றன. 2019-இல் பெரிய பிரிட்டிஷ் வங்கிகள், சாதாரண மக்களின் கணக்குகளைக் கவனிக்கும் தங்கள் உள்நாட்டுச் சில்லறை வங்கிப் பிரிவை, ஆபத்து அதிகமான முதலீட்டு வங்கி வேலைகளிலிருந்து தனியே வேலியிட்டுப் பிரித்தன. ஜெர்சி, கேர்ன்சி அடங்கிய சேனல் தீவுகளின் கணக்குகள் அந்த வேலிக்கு வெளியே நின்றுவிட்டன. ஆகவே கணக்கு எந்தச் சட்டபூர்வ நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் தேடுங்கள்.

எஃப்.டி. பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அங்கே அவசரமென்றால் கொஞ்சம் வட்டியை இழந்து உடைத்துவிடலாம். இங்கே பல நிரந்தர வைப்புகளை முதிர்வுக்கு முன் தொடவே முடியாது. மூன்று மாதச் செலவையாவது சாதாரணச் சேமிப்பில் வைத்துவிட்டு மிச்சத்தைப் பூட்டுங்கள். வட்டியில் டி.டி.எஸ். பிடிக்கமாட்டார்கள். முழுசாக வரும், நீங்களே கணக்குக் காட்ட வேண்டும். இங்கே வருமான வரி அதிகபட்சம் 20 சதவீதம். ஊரில் வரியில்லாத என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) வட்டியும் இங்கே வருமானம்தான்.

ஊர்ப் பாணியில் நாமினி போட்டுவிட்டுப் போகலாம் என்றும் எண்ணாதீர்கள். கணக்குக்காரர் இறந்தால், சிறு தொகையைத் தவிர, சொத்தைப் பெற்றுப் பிரித்துக்கொடுக்க ஜெர்சி நீதிமன்றம் தரும் அனுமதிப் பத்திரம் (புரோபேட்) வந்த பிறகே வங்கி பணத்தை விடும். கூட்டுக் கணக்கு என்றால் மற்றவருக்குப் பொதுவாகச் சிக்கலில்லை. குடும்பத்தோடு வந்தவர்கள் வீட்டுச்செலவுப் பணத்தையாவது கூட்டுக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.