ஒரு பக்கக் கடல் போதும்: நண்பர்களோடு தாய்லாந்து பேக்பேக் பயணம்

தாய்லாந்து போகலாம் என்று நண்பர்களுக்குள் பேச்சு எழுந்தால் முதலில் நீள்வது தீவுகள், கடற்கரை ஊர்களின் பட்டியல்தான். ஃபூகெட், ஃபி ஃபி, கிராபி, கோ சமூய், கோ தாவ், கோ பாங்கன், லிபே, கூடவே வடக்கே இருக்கும் சியாங் மாய் நகரம். எல்லாம் பத்தே நாளில். எங்கள் கூட்டத்தில் டிக்கெட் போடுவதும் கணக்கு வைப்பதும் என் வேலை. அதனால் அந்தப் பட்டியலில் பாதியை அடிக்கிற வேலையும் என்னிடம்தான் வரும். ஒரு பயணத்துக்கு ஒரு பக்கக் கடல், அவ்வளவுதான் என் கணக்கு.

தெற்குத் தாய்லாந்து ஒல்லியான நிலப்பட்டை. மேற்கே அந்தமான் கடல், கிழக்கே தாய்லாந்து வளைகுடா. இரண்டுக்கும் மழைக்காலம் வேறு வேறு. மே முதல் அக்டோபர் வரை அந்தமான் பக்கம் பருவமழை. அலை உயரும், படகுகள் குறையும். சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே வைத்திருப்பார்கள். வளைகுடாப் பக்கம் கனமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும், நவம்பர் ரொம்ப மோசம். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் லீவு கிடைத்தால் கோ தாவ், கோ பாங்கன், கோ சமூய். ஜனவரி, பிப்ரவரி என்றால் கிராபி, ஃபி ஃபி, லந்தா, லிபே. ஆகஸ்டில் ஃபி ஃபிக்கு டிக்கெட் போட்டுவிட்டு மாயா பே பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கூட்டம் நாசமாக்கியதால் 2018-ல் மூடி, 2022 ஜனவரியில் திறந்த கடற்கரை அது. இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் அதற்கு ஓய்வு.

ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக படகு, பஸ், மறுபடி படகு என்று ஒரு முழுப் பகல் கரைந்துவிடும். ஒரே கரையில் தீவு மாறினாலே அரை நாள் போகும். காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும், துறையில் காத்திருக்க வேண்டும், இறங்கினால் வண்டி பேச வேண்டும், அடுத்த அறை மதியம்தான் கிடைக்கும். ஒரு தீவுக்கு மூன்று இரவு கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் வரும்போதுதான் எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கிறது, எந்தப் பாறைப் பக்கம் தண்ணீர் தெளிவு என்பதே பிடிபடும்.

டிக்கெட் போடும் முன்பே பண விஷயம் பேசுங்கள்

இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். ஒருவருக்குப் பலர் சேர்ந்து படுக்கும், ஃபேன் போட்ட டார்ம் அறை போதும், இன்னொருவருக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது. ஒருவர் கோ தாவில் டைவிங் கோர்ஸ் செய்யவே வருகிறார், இன்னொருவருக்கு நீச்சலே தெரியாது. இது வீட்டில் உட்கார்ந்து பேசினால் சாதாரண விஷயம். வெயிலில் பை சுமந்தபடி விடுதி வாசலில் பேசினால் சண்டை.

நாங்கள் பொதுப் பை ஒன்று வைத்துக்கொள்கிறோம், ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் பைதான். போய் இறங்கியதும் ஆளுக்கு 3,000 பாட் அதில் போடுவோம். தீர்ந்தால் மறுபடி சம அளவில். வண்டி, படகு, தண்ணீர், எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும் சாப்பாடு இதிலிருந்து. மது, மசாஜ், ஷாப்பிங், டைவிங் அவரவர் காசு. குடிக்காதவர் தலையில் குடிக்கிறவர் பில் விழக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அறைக்கும் ஃபெர்ரிக்கும் ஆன்லைனில் கட்டுகிற தொகையை மட்டும் ஸ்பிளிட்வைஸ் மாதிரி ஒரு ஆப்பில் எழுதினால் போதும்.

நான்கு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. கிராப் ஆப்பில் கூப்பிடும் ஒரு வாடகைக் காரில் அடங்குவீர்கள், இரண்டு இரட்டை அறை போதும், நீள்வால் படகை (பின்னால் நீண்ட தண்டில் மோட்டார் வைத்த மரப்படகு) முழுசாகப் பேசினாலும் தலைக்கு அதிகம் வராது. ஆறுக்கு மேல் போனால் எதற்கும் இரண்டு வண்டி, எதற்கும் ஓட்டெடுப்பு.

ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கும். நூறு நூறாக எடுக்காமல் ஒரே தடவையில் பெரிய தொகையாக எடுங்கள். உங்கள் ஊர்ப் பணத்துக்கு மாற்றிக் காட்டட்டுமா என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

நுழைவதற்கு முன்

விசா விதி அடிக்கடி மாறுகிறது. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இன்றைய விதி என்ன என்று தாய்லாந்துத் தூதரகப் பக்கத்தில் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆளுக்கு ஒன்று நிரப்ப வேண்டும். குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. இ-சிகரெட் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் வீட்டிலேயே விட்டு வரச் சொல்லுங்கள். தாய்லாந்தில் அது சட்டவிரோதம்.

பாங்காக்கில் நதி வழியே போங்கள்

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால் ரயிலில் பயா தாய் நிலையம் வரை 45 பாட், அங்கிருந்து ஸ்கைட்ரெயின். பேக்பேக்கர்கள் கூடும் காவ் சான் சாலைக்குப் பக்கத்தில் தங்க வேண்டுமா என்றால், அந்தத் தெருவிலேயே வேண்டாம் என்பேன். இரவு இரண்டு மணி வரை ஸ்பீக்கர் அதிரும். நடந்து போகும் தூரத்தில் ஃப்ரா ஆதித் சாலைப் பக்கம் தங்குங்கள். அங்கே படகுத்துறை இருக்கிறது. சாவ் ப்ராயா நதியில் ஆரஞ்சுக் கொடி படகு 16 பாட். வாட் அருண், வாட் போ கோயில்கள், சைனாடவுன் எல்லாம் அந்த ஒரே நதியில் முடிந்துவிடும், டிராஃபிக்கே கிடையாது. கோயில்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். அரண்மனை வாசலுக்கு வரும் வழியில் "இன்று மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்று டுக்டுக்காரர் யாராவது சொன்னால் நிற்காமல் நடந்து போய் வாசலைப் பாருங்கள். அநேகமாகத் திறந்தே இருக்கும்.

சீலோம் பக்கம் போனால் மாரியம்மன் கோயிலை விட்டுவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. கோபுரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். வாசலில் பூமாலையோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இரவு ரயில், காலை ஃபெர்ரி

வளைகுடாத் தீவுகளுக்கு விமானத்தை விட இந்த வழியைத்தான் நான் சொல்வேன். பாங்காக்கில் தூர ரயில்கள் 2023 ஜனவரி முதல் பழைய ஹுவா லம்போங்கிலிருந்து மாறி, க்ருங் தேப் அபிவத் என்ற பெரிய நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. இரண்டாம் வகுப்பு ஏசி ஸ்லீப்பரில், ஃபெர்ரி கிளம்பும் ஊரான சும்போன் வரை டிக்கெட் எடுங்கள். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஊழியர் வந்து எதிரெதிர் சீட்டுகளை இழுத்துச் சேர்த்து, மெத்தை விரித்து, வெள்ளை விரிப்பைச் செருகி, திரைச்சீலை மாட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். அவர் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழ் பெர்த் அகலம், ஜன்னலும் உண்டு. மேல் பெர்த் விலை குறைவு, ஆனால் விளக்கு வெளிச்சமும் ஏசி குளிரும் முகத்திலேயே அடிக்கும். மேலே ஏறுகிறவர் கண்பட்டியும் ஒரு ஸ்வெட்டரும் வைத்துக்கொள்ளட்டும். ரயிலில் மது அருந்தத் தடை, பிடித்தால் அபராதம்.

சும்போனில் விடியும் முன் இருட்டில் இறங்குவீர்கள். ரயிலும் ஃபெர்ரியும் சேர்ந்த டிக்கெட் எடுத்திருந்தால் நிலையத்திலிருந்து துறைக்கு பஸ்ஸும் அதிலேயே அடக்கம். துறையில் போகும் தீவுக்கேற்ற நிறத்தில் ஒரு ஸ்டிக்கரை உங்கள் சட்டையில் ஒட்டுவார்கள், பையிலும் ஒன்று. கோ தாவ் பைகள் ஒரு குவியல், கோ பாங்கன் பைகள் இன்னொரு குவியல். உங்கள் பை சரியான குவியலில்தான் போடப்பட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள். பாஸ்போர்ட், பணம், மருந்து, சார்ஜர் எப்போதும் மடியில் இருக்கும் சின்னப் பையில். பஸ் டிக்கியிலும் இதே விதிதான். குமட்டல் வருகிறவர்கள் அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, கீழ்த்தளத்தில் பின்பக்கம் நடுவில் உட்காருங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு.

வரிசை தானாக அமையும்: வடக்கே கோ தாவ், அடுத்து கோ பாங்கன், தெற்கே கோ சமூய். ஏறிய சும்போனுக்கே திரும்பாமல் சமூயிலிருந்து சூரத் தானிக்கு இறங்கி அங்கிருந்து விமானம் பிடியுங்கள். சமூய் விமான நிலைய டிக்கெட்டை விட அது நன்றாகக் குறையும்.

கோ தாவில் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப டைவிங் கோர்ஸ் செய்பவர்களுக்கு மூன்று, நான்கு நாள் பிடிக்கும். முடித்தால் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்பதை விலைக்கு முன் கேளுங்கள். கடைசி டைவிங்குக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இருக்கட்டும். டைவிங் செய்யாதவர்களை அந்த நாட்களில் இழுத்துப் பிடிக்காதீர்கள். அவர்கள் ஸ்நார்க்ளிங் போகட்டும், தூங்கட்டும், இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்ந்தால் போதும். நண்பர்களோடு போவது என்றால் எல்லா நேரமும் ஒட்டிக்கொண்டே திரிவது இல்லை.

கோ பாங்கனில் ஹாட் ரின் கடற்கரையின் பௌர்ணமி விருந்துக்குப் போவதென்றால் மூடிய செருப்பு போடுங்கள், மணலில் கண்ணாடிச் சில்லு கிடக்கும். கூட்டத்தில் போன் கேட்காது. தொலைந்தால் சந்திக்க ஒரு கடை வாசலை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர் நீட்டும் வாளி மதுவைத் தொடாதீர்கள். திரும்பும்போது சாங்தேவில் (பெஞ்சு போட்ட வாடகை பிக்கப் வண்டி) வாருங்கள், ஸ்கூட்டர் இல்லவே இல்லை.

ஸ்கூட்டர்

இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. இருசக்கர வண்டிக்கான பிரிவு உள்ள சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாதவர் ஓட்டக்கூடாது. போலீஸ் அபராதம் சின்ன விஷயம். உரிமம் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு ஒரு பைசா தராது என்பதுதான் பெரிய விஷயம். கோ தாவிலும் கோ பாங்கனிலும் சாலை செங்குத்தாக ஏறி, வளைவில் மணலோடு இறங்கும். தீவுகளில் கை, காலெல்லாம் பேண்டேஜோடு நடப்பவர்களைப் பார்ப்பீர்கள்.

பாஸ்போர்ட்டை அடகாக வைக்காதீர்கள். ரொக்க டெபாசிட் வாங்கும் கடையைத் தேடுங்கள். எடுக்கும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள். கோ பாங்கனில் ஒரு கடை வாசலில் நான் அப்படி எடுத்துக்கொண்டிருந்தபோது கூட வந்தவள், "நாளைக்கே திருப்பிக் குடுக்கப் போறோம், இதெல்லாம் எதுக்குடி?" என்றாள். கடைக்கார அக்கா அதைப் பார்த்துவிட்டு அவரே குனிந்து, சைலன்சருக்கு அடியில் இருந்த கீறலையும் கண்ணாடி ஓர விரிசலையும் விரலால் தொட்டுக் காட்டினார். நேர்மையான கடைக்காரர் வீடியோவை வரவேற்பார். முகம் சுளித்தால் அடுத்த கடை.

அந்தமான் பக்கம் போகிறவர்களுக்கு

கிராபி விமான நிலையத்திலிருந்து ஆவ் நாங், அங்கிருந்து நீள்வால் படகில் ரைலே. சுண்ணாம்புப் பாறைகள் மறிப்பதால் ரைலேவுக்குச் சாலையே கிடையாது. படகு கரையை ஒட்டாது. முழங்கால் தண்ணீரில் நடந்து ஏற வேண்டும், ஒருவர் முதலில் ஏறிக்கொண்டு பைகளைக் கைமாற்றி வாங்குங்கள். முழுப் படகு பேசும்போது மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: இது படகுக்கான விலையா, ஆளுக்கா? எத்தனை மணி நேரம்? தேசியப் பூங்காக் கட்டணம் சேர்த்தா? ஃபி ஃபி பகுதிப் பூங்காவுக்கு வெளிநாட்டுப் பெரியவருக்கு 400 பாட். நான்கு பேருக்கு அது சின்னத் தொகை இல்லை.

சிவப்புக் கொடி பறக்கும் கடற்கரையில் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். வளைகுடாத் தீவுகளில் பாக்ஸ் ஜெல்லிமீன் உண்டு. கடற்கரையில் எச்சரிக்கைப் பலகையோடு வினிகர் பாட்டில் தொங்கும் கம்பத்தைப் பார்த்தால் அது இருக்கும் இடத்தை நினைவில் வையுங்கள். கொட்டினால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது. வினிகரை நன்றாக ஊற்றிவிட்டு உடனே 1669-க்கு ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும். சுற்றுலாப் போலீஸ் 1155. இரண்டையும் எல்லோர் போனிலும் ஏற்றிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்

கூட்டத்தில் ஒருவர் சைவமென்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடைகளைத் தேடுங்கள். அங்கே மீன் சாஸ்கூட இருக்காது. மற்ற கடைகளில் "கின் ஜே" என்றும் "மை சாய் நம் ப்லா" என்றும் சொல்லுங்கள், முதலாவது சுத்த சைவம், மற்றது மீன் சாஸ் வேண்டாம். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் இடித்துப் போடுவார்கள், வெறும் கீரை வதக்கலில் சிப்பி சாஸ் இருக்கும். கேட்காமல் வாங்காதீர்கள். சியாங் மாய் போனால் அசைவர்கள் காவ் சோய் என்ற தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸ் சாப்பிடாமல் வரக்கூடாது. ஆனால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கே வயலும் காடும் எரிகிற புகை. அந்த மாதங்களில் சியாங் மாயை விட்டுவிடுங்கள்.

காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். அரச குடும்பத்தைப் பற்றிக் கிண்டலாக ஒரு வார்த்தைகூட வேண்டாம், அங்கே அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

கடைசி இரவு

காற்று எழுந்தால் ஃபெர்ரி நிற்கும். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு தீவில் இருக்காமல் பாங்காக்கில் இருங்கள். பொதுப் பையில் மிஞ்சியதைச் சுவர்ணபூமியின் கீழ்த்தளத்தில், விமான நிலைய ஊழியர்கள் சாப்பிடுகிற மேஜிக் ஃபுட் பாயிண்டில் செலவழிக்கலாம். மேலே இருக்கும் கடைகளின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். அதே மேசையில் ஆப்பைத் திறந்து யார் யாருக்கு எவ்வளவு என்று பார்த்து, செக்-இன் வரிசைக்குப் போகும் முன்பே அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தக் கணக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.